இடப்பக்கத்துச் சிவப்பு விளக்கு

மூன்றாம் மாடி அஷ்வினைப் பற்றி ஜூலியாவுக்கு நல்ல அபிப்பிராயம் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அப்படியிருந்தும் ரிச்சர்ட்ஸ் டவுன் பியாட்ரிஸ் வீட்டுக் கல்யாண வீடியோ முழுவதையும் அவனுடைய பெட்டிக்குள் கொண்டுபோய்ப் போட்டது அவள்தான். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

விவேக் நகரில் குழந்தை இயேசு கோவிலுக்குப் பின்னால் போகும் சந்தில் இருக்கிறது வெங்கடசாமியின் கட்டடம். மாடிப்படி குறுகல். மேலிருந்து ஒருவர் இறங்கினால் கீழிருந்து ஏறுகிறவர் யார் வீட்டு வாசலிலாவது ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்கி நிற்கிறவர் காதைப் பொத்திக்கொண்டா நிற்பார்? அதனால் அந்தக் கட்டடத்தில் ரகசியம் என்று எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் தங்கியது கிடையாது.

ஜூலியா இரண்டாம் மாடி. கல்யாண வீடியோ எடுப்பவள். கமர்ஷியல் தெருவில் ஒரு ஸ்டுடியோக்காரனிடம் பல வருஷம் இரண்டாம் கேமரா பிடித்தாள். ஒவ்வொரு வீடியோவின் கடைசியிலும் அவன் பெயர் மட்டும் தங்க எழுத்தில் சுழன்று வருவதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து, தனியாகக் கடை விரித்தாள். அவளுடைய சொந்தப் பெயரில் வந்த முதல் பெரிய கல்யாணம் பியாட்ரிஸின் மூத்த மகளுடையது. பியாட்ரிஸ் சாதாரண ஆள் இல்லை. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து காக்ஸ் டவுன் வரை தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் யார் கேக் செய்வது, யார் கவுன் தைப்பது, யார் பூ வைப்பது என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் நடக்கும். அவர் "பரவால்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஜூலியாவுக்கு நாலு வருஷத்துக்குக் கவலையில்லை. உதட்டைப் பிதுக்கினால், மறுபடியும் ஸ்டுடியோக்காரன் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

இவ்வளவு பெரிய விஷயத்தை வைத்துப் பத்திரப்படுத்த அவளிடம் இருந்தது ஒரு பழைய ஹார்டு டிஸ்க். அதுவும் டிக் டிக் என்று கடிகாரம் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. புதிது வாங்கலாம், வாங்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். அந்தச் சமயத்தில்தான் மாடிப்படியில் அஷ்வின் அகப்பட்டான். இல்லை, அஷ்வினிடம் இவள் அகப்பட்டாள்.

அஷ்வின் நாமக்கல் பையன், சாஃப்ட்வேர் வேலை. மனைவி கிருத்திகாவும் அப்படியே. எதையும் அவன் காசு கொடுத்து வாங்கமாட்டான் என்று சொல்ல முடியாது. காசு கொடுத்து வாங்கியதை வாங்கினபடி வைத்துக்கொள்ளமாட்டான், அவ்வளவுதான். எங்கேயோ பழையதாக ஒரு சர்வர் பெட்டி வாங்கி வந்தான். டிபன் கேரியர் உயரம் இருக்கும். முன்பக்கம் இரண்டு டிஸ்க்குகள் இடமும் வலமுமாகச் செருகியிருக்கும். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கீழே பொட்டு அளவில் ஒரு விளக்கு.

பெட்டிக் கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேர் அஷ்வினுக்கு ஆகவில்லை. "அவன் நம்மள வேவு பாப்பான்" என்று சொல்லி அதை அடியோடு துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டான். பெட்டி ஓடியது, விசிறி ஓடியது, டிஸ்க்குகள் ஓடின. விளக்குகள் மட்டும் எரியவில்லை. எரியவைக்கும் வித்தை கம்பெனிக்காரனின் சாஃப்ட்வேருக்குள் இருந்தது, அதைத்தான் துடைத்தாகிவிட்டதே.

வேறு யாராக இருந்தாலும் பொட்டு விளக்குதானே, எரியாவிட்டால் போகிறது என்று விட்டிருப்பார்கள். அஷ்வின் மழைக்காலத்துச் சனி ஞாயிறுகளை எல்லாம் அந்த விளக்குகளுக்கு எழுதி வைத்தான். தரையில் கவிழ்ந்து படுத்து பெட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். "கல்யாணம் ஆன புதுசுல என் மூஞ்சியக்கூட இப்படிப் பார்த்ததில்ல" என்று கிருத்திகா தன் அம்மாவிடம் போனில் சொன்னது இரண்டு மாடிக்குக் கேட்டது. கடைசியில் ஏதோ ஒரு வெளிநாட்டுக்காரன் எழுதி இணையத்தில் போட்டிருந்த துண்டு நிரல் ஒன்றைத் தேடிப் பிடித்து, லினக்ஸின் வயிற்றுக்குள் ஏற்றினான். விளக்கு எரிந்தது. அன்றைக்கு அவன் போட்ட கூச்சலில் வெங்கடசாமி, பாத்ரூமில் யாரோ வழுக்கி விழுந்துவிட்டார்கள் என்று மேலே ஓடி வந்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் விளக்கைப் பார்க்காமல் யாரும் தப்பவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர்கூடப் பார்த்துவிட்டுத்தான் போனார். ஜூலியாவின் முறையும் வந்தது.

"லினக்ஸ்ல எல்லாமே ஃபைல்தானுங்க்கா" என்றான் அஷ்வின். "இந்த லைட்டும் ஒரு ஃபைலு. அதுக்குள்ள ஒண்ணுன்னு எழுதினா எரியும். சைபர்னு எழுதினா அணையும். சிம்பிள்."

"செவுத்துல சுவிட்ச் வெச்சா அதுவும் அப்டித்தானேப்பா பண்ணும்?"

"அது மேனுவலுக்கா." அவள் அறியாமையை மன்னித்துவிட்டு மேலே போனான். "இங்க நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கேன். அது டிஸ்க்கோட ஹெல்த்த பார்த்துட்டே இருக்கும். நல்லா இருந்தா பச்சை. சீக்கு வந்தா சிவப்பு. எந்த டிஸ்க்குக்கு சீக்குன்னு தேடவே வேண்டாம், லைட்டே காட்டிக் கொடுத்துரும்."

"எந்த லைட் எந்த டிஸ்க்குன்னு அதுக்கு எப்டிப்பா தெரியும்?"

இந்தக் கேள்விக்காகவே அவன் காத்திருந்த மாதிரி இருந்தது. "அங்கதாங்க்கா விஷயமே! எல்லாரும் டிஸ்க்கோட பேர வெச்சுக் கட்டுவாங்க. ரீபூட் பண்ணா பேர் மாறிடும். நான் சீரியல் நம்பர வெச்சுக் கட்டியிருக்கேன். இந்த நம்பர் டிஸ்க்குக்கு எடது லைட்டு, அந்த நம்பர் டிஸ்க்குக்கு வலது லைட்டு. நம்பர் டிஸ்க்கு மேலயே அச்சடிச்சிருக்கு. எந்தக் காலத்துலயும் மாறாது."

நம்பர் மாறாதுதான்.

ஜூலியா கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "இவனுக்கெல்லாம் பொண்ணு குடுத்திருக்காங்க பாரு" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் பச்சை விளக்குகள் இரண்டும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. கல்யாண வீடியோவை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், வைஃபையில் உங்கள் வீட்டிலிருந்தே திறக்கலாம், இரண்டு காப்பி இருக்கும், மாதாமாதம் எவனுக்கும் தண்டம் அழ வேண்டாம் என்று அவன் சொன்னபோது, மறுக்க வாய் வரவில்லை. இலவசம் என்ற சொல்லுக்கு முன்னால் ஜூலியாவின் அபிப்பிராயங்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும்; அந்தக் கட்டடத்து மாடிப்படி மாதிரி.

மாதா பிறந்த நாள் திருவிழா முடிந்த மறு வாரம் பியாட்ரிஸ் மகள் கல்யாணம். கோவிலில் பூசை, மோதிரம் மாற்றுவது, தாலி கட்டுவது எல்லாம் ஜூலியாவே பீடத்துக்கு அருகில் நின்று எடுத்தாள். வரவேற்பில் சாப்பாட்டு மேசைப் பக்கம் ஒரு கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி அதன் பாட்டுக்கு ஓடவிட்டாள். எல்லாவற்றையும் அஷ்வினின் பெட்டிக்கு ஏற்றினாள். அடுத்த கல்யாணம் அத்திபெலேயில் காத்திருந்தது; மெமரி கார்டுகள் வேண்டும். மேலே போய் இரண்டு விளக்கும் பச்சை என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்து கார்டுகளைத் துடைத்தாள். ஆளை நம்பவில்லை, ஆள் ஏற்றிய விளக்கை நம்பினாள். அதில் என்ன வித்தியாசம் இருக்கிறது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

இதற்குள் மேலே வேறொரு சண்டை. பெட்டி இருந்தது படுக்கையறையில். பச்சை வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று கிருத்திகா ஒவ்வொரு விளக்கின் மேலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். அஷ்வின் பிய்த்தான். அவள் பெரிய பொட்டாக ஒட்டினாள். "இது ஹெல்த் இண்டிகேட்டர்டி!" "என் ஹெல்த்துக்கு என்ன இண்டிகேட்டர் வெச்சிருக்க?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஓடி, பெட்டி ஹாலுக்குக் குடிபெயர்ந்தது.

பிறகு ஆயுத பூஜை. அஷ்வினுக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது என்று அவனே சொல்லுவான். ஆனால் மாமியார் நாமக்கல்லிலிருந்து வீடியோ காலில் உட்கார்ந்துகொண்டு, "மெஷினுக்கெல்லாம் ஒரு நாளாவது ஓய்வு குடுங்க மாப்ளே" என்றால் மாட்டேன் என்று சொல்லும் தைரியமும் கிடையாது. பெட்டியை முறைப்படி நிறுத்தினான். நிறுத்தியவன் சும்மா இருக்காமல், தூசி தட்டுகிறேன் என்று இரண்டு டிஸ்க்குகளையும் உருவினான். உருவியதைத் துடைத்தான். துடைத்ததற்குச் சந்தனம் குங்குமம் வைத்தான். லேப்டாப், ஸ்கூட்டர் சாவி, மிக்சி இவற்றோடு வரிசையாகச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினான். பொரி கடலை வாங்கப் போன ஜூலியா டிஸ்க்குகளின் நெற்றியில் குங்குமத்தைப் பார்த்து, "ரெண்டும் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குது" என்று சிரித்துவிட்டு வந்தாள். சந்தனம் அப்பியிருந்தது அந்த அச்சடித்த நம்பரின் மேல்.

மறுநாள் டிஸ்க்குகளைத் திரும்பச் செருகினான். இடப்பக்கத்தது வலப்பக்கம் போனது, வலப்பக்கத்தது இடப்பக்கம் வந்தது. அவன் கவனிக்கவில்லை. பெட்டியும் ஒன்றும் சொல்லவில்லை. எந்தப் பக்கம் வைத்தாலும் அது தன் டிஸ்க்குகளை அடையாளம் கண்டு ஓடும். விளக்கு மட்டும் பழைய கணக்கில் இருந்தது. இப்போது வலப்பக்க டிஸ்க்குக்குச் சீக்கு வந்தால் இடப்பக்கத்து விளக்கு சிவக்கும்.

அது வந்தது. தீபாவளிக்குப் பிந்தைய ஒரு சனிக்கிழமை காலை, "அக்கா! அக்கா!" என்று படியில் குதித்து வந்தான் அஷ்வின். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. ஏதோ பிள்ளை பிறந்த மாதிரி.

"சிவப்பு எரியுதுங்க்கா!"

"அய்யோ, என் வீடியோ இன்னா ஆச்சு?"

"வீடியோவுக்கு ஒண்ணும் ஆகாது. இன்னொரு காப்பி இருக்குல்ல? லைட்டு வேலை செய்யுதுங்க்கா! இவ்ளோ நாளா டெஸ்ட்தான் பண்ணேன், இன்னிக்கு நெஜமாவே ஒரு டிஸ்க் ஃபெயில் ஆயிருக்கு!"

டிஸ்க் செத்ததற்குச் சந்தோஷப்படும் மனிதனை ஜூலியா அன்றுதான் பார்த்தாள். மேலே போனால், வெங்கடசாமி ஏற்கனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கிருத்திகா அடுப்படி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இடப்பக்கத்து விளக்கு பளிச்சென்று சிவப்பாக எரிந்தது.

"பெட்டிய நிறுத்தாமலே டிஸ்க்க மாத்தப் போறேன், பாருங்க" என்றான் அஷ்வின், வித்தைக்காரன் தோரணையில். இடப்பக்கத்து டிஸ்க்கை உருவினான். பெட்டி ஒரு முறை பீப் என்றது.

"நம்பர் கிம்பர் பாக்க வேணாமாங்க?" என்றாள் கிருத்திகா.

"லைட்டே சொல்லுது, அப்புறம் நம்பர் எதுக்கு?"

கையில் இருந்த டிஸ்க்கைப் பார்த்து வெங்கடசாமி, "எக்ஸ்சேஞ்ச்ல போடப்பா, ஏதாவது கொடுப்பான்" என்றார்.

"டேட்டா பிரைவசி சார்! இதுல அக்காவோட கஸ்டமர் வீடியோ இருக்கு. குப்பைல போட்டா எவனாவது எடுத்துப் பார்ப்பான். ஒடச்சுத்தான் போடணும். சுத்தியல் இருக்குங்களா?"

எல்லோரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். வெங்கடசாமி சுத்தியலோடு வந்து, "தளத்துல அடிக்காதே மாராயா, ஏதாவது ஒடைஞ்சா வாட்டர் லீக் ஆகும்" என்று துணி துவைக்கும் கல்லைக் காட்டினார். அஷ்வின் மூடியைத் திருகிக் கழற்றினான். உள்ளே முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று தட்டுகள்.

"மொத அடி நீங்கதான் அக்கா. உங்க டேட்டாதான் இதுல அதிகம்."

ஜூலியாவுக்குச் சொல்லவா வேண்டும்? இத்தனை மாதம் மாடிப்படியில் கேட்ட "சிம்பிள்"கள், "அது மேனுவலுக்கா", கேட்காமலே கிடைத்த விளக்க உரைகள் எல்லாம் அந்தக் கல்லின் மேல் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓங்கி ஒரு போடு போட்டாள். தட்டு நெளிந்தது. ஆசை தீரவில்லை, இன்னொன்று போட்டாள். "போதும்மா, நீ கொலை பண்ற மாதிரி அடிக்கிற" என்று வெங்கடசாமி சுத்தியலை வாங்கிக்கொண்டார். கிருத்திகா அன்றைக்குச் சிரித்த மாதிரி அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

கீழே வந்து புது டிஸ்க்கைச் செருகினான். வலப்பக்கத்து டிஸ்க்கிலிருந்து இதற்குக் காப்பி ஆகத் தொடங்கியது. ஆனால் இடப்பக்கத்துச் சிவப்பு அணையவில்லை.

"சீக்குக்காரனத்தான் தூக்கியாச்சே, இன்னும் ஏம்ப்பா எரியுது?" என்றாள் ஜூலியா. கேட்டது அவள்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

"ஸ்கிரிப்ட் பழைய ஸ்டேட்டஸ்ல நிக்குது" என்றான். உட்கார்ந்து தட்டி ஸ்கிரிப்டை நிறுத்தினான். சிவப்பு விளக்கின் ஃபைலில் சைபர் என்று எழுதினான், அணைந்தது. பச்சை விளக்கின் ஃபைலில் ஒண்ணு என்று எழுதினான், பச்சை எரிந்தது. எழுதினால் எரிவதுதானே அதன் வேலை. ஜூலியா பச்சையைப் பார்த்துத் திருப்தியோடு வீட்டுக்கு இறங்கிப் போய் மீன் கழுவினாள்.

வலப்பக்கத்தில் செத்துக்கொண்டிருந்தது பாதிக் காப்பியிலேயே மூச்சை விட்டது.

அடுத்த ஞாயிறு பியாட்ரிஸ் வீடியோ பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். புதன்கிழமை ஜூலியா எடிட்டிங்குக்கு உட்கார்ந்தாள். ஃபைல்களின் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. எதைத் திறந்தாலும் கம்ப்யூட்டர் அசையாமல் நின்றது. படியேறிப் போனாள்.

அஷ்வின் வீட்டில் இருந்தே வேலை செய்கிறவன். அன்றைக்கு வேலை செய்யவில்லை. மடியில் அந்த வலப்பக்கத்து டிஸ்க். கிருத்திகாவின் நகவெட்டியால் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நம்பர் தெரிந்தது. நம்பரைப் பார்த்தான், போனைப் பார்த்தான், மறுபடி நம்பரைப் பார்த்தான். ஜூலியாவைப் பார்க்கவில்லை.

"இன்னாடா?"

"லைட்டு கரெக்ட்டாத்தான் எரிஞ்சிருக்குங்க்கா."

"நான் லைட்ட கேக்கல."

"டிஸ்க்குதான் எடம் மாறி இருந்திருக்கு. பூஜைக்கு எடுத்தப்போ... லாஜிக்ல தப்பே இல்ல. ஹார்டுவேர் சைடுல ஒரு..."

"யாரு மாத்துனது? சரஸ்வதியா எறங்கி வந்து மாத்துனா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் கிருத்திகா.

ஜூலியாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. மொட்டை மாடிக் கல், சுத்தியல், நெளிந்த தட்டு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. "அப்போ நாம ஒடச்சது?"

"நல்ல டிஸ்க்குங்க்கா" என்றான் அஷ்வின்.

அவள் அவனை என்னவெல்லாம் திட்டினாள் என்று எழுத முடியாது. இன்ஃபன்ட்ரி ரோடு, சிவாஜி நகர், ஆஸ்டின் டவுன் எல்லா இடத்துச் சரக்கும் அதில் இருந்தது; நடுவில் கன்னடமும் உருதும் வந்தன. கிருத்திகா ஒரு வார்த்தைக்கும் குறுக்கே வரவில்லை. திட்டி முடித்ததும் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

எஸ்.பி. ரோட்டில் செத்த டிஸ்க்கிலிருந்து மீட்டுக் கொடுக்கும் கடைக்காரர் ஒருவர் இருந்தார். அஷ்வின் லீவு போட்டுவிட்டுக் கொண்டு ஓடினான். சனிக்கிழமை மாலை கடைக்காரர் ஒரு பென் டிரைவைக் கொடுத்து, கிடைத்தது இவ்வளவுதான், இதற்கு மேல் கேட்காதீர்கள் என்றார். கோவில் காட்சி ஒன்றுகூட இல்லை. மோதிரம் இல்லை, தாலி இல்லை, சாமியார் இல்லை. கிடைத்தது வரவேற்பில், சாப்பாட்டு மேசைப் பக்கம் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த கேமரா தன் பாட்டுக்கு எடுத்தது. முழுசாக, ஒரு புள்ளி குறையாமல்.

ஞாயிறு பூசை முடிந்து பியாட்ரிஸ் வந்தார். வெள்ளையில் நீலப் பூப்போட்ட புடவை, குட்டைக் கிராப்பு, கையில் தோல் பை. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. வாங்கும் மூச்சில்கூட ஒரு அதிகாரம் இருந்தது. ஜூலியா, அஷ்வினையும் இழுத்து வந்து உட்காரவைத்திருந்தாள். செய்தவனே சொல்லட்டும், பழி அவன் தலையில் விழட்டும் என்பது அவள் கணக்கு.

முதலில் இருந்ததை ஓட்டினாள். திரையில் பிரியாணி அண்டா. வரிசை. ஒருவர் தட்டை நீட்டுகிறார், இன்னொருவர் நீட்டுகிறார். இரண்டு முறை வரிசையில் வந்தவர் யார் என்பதெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பியாட்ரிஸே திரையில் வந்து, பரிமாறுகிறவனிடம் "பீஸ் பாத்துப் போடு, மாப்ள வீட்டு ஆளுங்க மொத்தமா அள்றாங்க" என்று காதோடு சொல்வதும் கேட்டது.

"இத ஏன் மொதல்ல வெச்ச? கோயில போடு" என்றார் பியாட்ரிஸ்.

"ஆன்ட்டி, கோயில் இல்ல."

"இல்லன்னா?"

ஜூலியா அஷ்வினைப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு போனை எடுத்தான். "ஆன்ட்டி, சிம்பிளா சொல்றேன். லினக்ஸ்ல ஒவ்வொரு லைட்டும் ஒரு ஃபைலு..."

கொஞ்ச நேரம் பியாட்ரிஸ் அவன் சொல்வதைக் கேட்டார். பிறகு, "யாருப்பா நீ, எலெக்ட்ரீஷியனா?" என்றார்.

"சாஃப்ட்வேருங்க ஆன்ட்டி."

"அப்ப நீ வாய மூடு. ஜூலி, நீ சொல்லு."

ஜூலியா சொன்னாள். இவன் பெட்டி, இவன் விளக்கு, இவன் பூஜை, இவன் உடைத்தது என்று ஒவ்வொன்றையும் அவன் பக்கமே தள்ளிச் சொன்னாள். அஷ்வினுக்குப் பொறுக்கவில்லை.

"நான் மட்டும் ஒடைக்கலைங்க ஆன்ட்டி. மொத அடி அக்காதான் அடிச்சாங்க. ரெண்டாவதும் அவங்கதான். ஹவுஸ் ஓனர் சாட்சி."

பியாட்ரிஸ் ஜூலியாவை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தார். கழுத்து, கை, சுத்தியல் பிடித்திருந்த அந்தக் கை.

"இவன் யாருன்னு எனக்குத் தெரியாது" என்றார் மெதுவாக. "நான் உன்கிட்டதான் குடுத்தேன். நீ கார்ட்ட அழிச்ச. நீ இந்தப் பையனோட மினுக்கு லைட்ட நம்பின. கடைசில நீயே ஒடச்ச. இத வெளிய சொன்னா இனிமே உனக்கு எவளாவது ஞானஸ்நானத்துக்கு ஒரு போட்டோ எடுக்கக் கூப்புடுவாளா?"

ஜூலியா அழுதாள். அழவேண்டும் என்று நினைத்து அழவில்லை, வந்துவிட்டது. அஷ்வின் எழுந்து போகலாமா என்று கதவைப் பார்த்தான்.

பியாட்ரிஸும் உள்ளுக்குள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா குளோரியா காக்ஸ் டவுன். கல்யாணத்துக்கு முன்பே, "நாங்களே நல்ல வீடியோக்காரன ஏற்பாடு பண்றோம், நீங்க எதுக்கு செரமப்படணும்" என்று சொன்னவர். வேண்டாம், எங்கள் பக்கத்துப் பெண் இருக்கிறாள் என்று பியாட்ரிஸ்தான் மூக்கை உயர்த்திக்கொண்டு மறுத்தார். கிறிஸ்துமஸுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் சொந்தக்காரர்களை எல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டு வீடியோ போட்டுக் காட்டுவதாகவும் சொல்லி வைத்திருந்தார். இப்போது கோவில் காட்சியே இல்லை, பிரியாணி அண்டாதான் இருக்கிறது என்று குளோரியாவிடம் போய்ச் சொல்வதா? அதைவிட அந்தச் சுத்தியலை எடுத்துத் தன் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம்.

"கண்ணத் தொடச்சுக்க" என்றார். "கோயிலுக்குள்ள நாம வீடியோவே எடுக்கல."

"ஆன்ட்டி, நான் பீடத்துக்குப் பக்கத்துலயே நின்னனே. எல்லாரும் பாத்தாங்களே."

"போட்டோ எடுத்துட்டு நின்ன. பூசை நடக்கறப்ப வீடியோ ஓட்டறது தேவ நிந்தனை, சினிமா ஷூட்டிங்கான்னு நான் சொன்னேன். எங்க வீட்டுப் பழக்கம் அது. நீயும் என்ன மாதிரியே பக்தியான பொண்ணு, கோயிலுக்குள்ள வீடியோ எடுக்கவே மாட்ட, கை நடுங்கும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது ஆன்ட்டி."

"சாப்பாட்டுல நான் பேசற எடத்த வெட்டிடு." பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி அஷ்வினைப் பார்த்தார். "நீ எங்கயாவது வாயத் தொறந்த, உன் பொண்டாட்டிகிட்ட பேசிக்கிறேன்."

பியாட்ரிஸின் நாக்கு வேலை செய்யும் வேகத்துக்கு எந்த வைஃபையும் ஈடில்லை. கிறிஸ்துமஸுக்குள் ரிச்சர்ட்ஸ் டவுன் முழுவதற்கும் தெரிந்துவிட்டது: பியாட்ரிஸ் வீட்டில் பூசையைப் படம் பிடிக்க விடவில்லையாம், அவ்வளவு பயபக்தியாம். குளோரியாகூட ஆஸ்திரேலியாச் சொந்தக்காரர்களிடம் இதைத் தன் வீட்டு வழக்கம் மாதிரி பெருமையாகச் சொன்னாராம். ஜூலியாவின் பெயருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. விழாதது மட்டுமில்லை, உயர்ந்தது. போன் வந்துகொண்டே இருந்தது.

ஜனவரியில் முதல் கல்யாணம். பெண்ணின் அம்மா கோவில் வாசலிலேயே ஜூலியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பியாட்ரிஸ் எல்லாம் சொன்னாங்கம்மா. நீ உள்ள கேமரா கொண்டு வரவே மாட்டியாமே. இந்தக் காலத்துல இப்டி ஒரு பொண்ணா! எங்க பொண்ணுக்கும் அப்டியே இருக்கட்டும்."

"பரவால்ல ஆன்ட்டி, உங்களுக்கு வேணும்னா..." என்று ஆரம்பித்தாள் ஜூலியா.

"சேச்சே, எங்களுக்காக உன் விரதத்த முறிக்காத."

மணப்பெண் உள்ளே போனாள். உறவுக்காரர்கள் போனார்கள். வரிசை வரிசையாக எல்லோர் கையிலும் போன் உயர்ந்தது. மாப்பிள்ளையின் தம்பி பீடத்துப் படியிலேயே ஏறி நின்று எடுத்துக்கொண்டிருந்தான். வாசல் படிக்கட்டில் கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவில் ஜூலியா கேமராவோடு நின்றாள். உன்னை ஏற்றுக்கொள்கிறேன் என்று மணமக்கள் வார்த்தைப்பாடு கொடுக்கும் நேரம் வந்தது. மாப்பிள்ளையின் குரல் வாசலுக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் கரகரவென்று கேட்டது. அவள் மைக்கை அதன் பக்கம் தூக்கிப் பிடித்து, குரலை மட்டும் பதிவு செய்துகொண்டாள்.